நடந்து போகும் தூரத்தில் ஒரு ஆள்

மரக்காணம் பக்கம் நான் மனநலப் பணிக்கு வந்தது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26 முடிந்து, கடற்கரைக் குப்பங்களில் அரிசியும் பாயும் பாத்திரமும் வந்து இறங்கிய நாட்களில் எங்களைப் போன்ற சமூகப் பணியாளர்களும் வந்து இறங்கினோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கடலோர மாவட்டங்களில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த மருத்துவர் ஒருவர், வயதானவர் வீட்டுக்குப் போனால் “எப்படி இருக்கீங்க” என்று கேட்பதற்கு முன் அடுப்பைப் பார்க்கச் சொன்னார். சாம்பல் இன்றையதா நேற்றையதா, குடத்தில் தண்ணீர் இருக்கிறதா, வாசல் தெளித்திருக்கிறதா, கொடியில் துவைத்த துணி தொங்குகிறதா. இதையெல்லாம் பார்த்துவிட்டு உட்கார், பிறகு பேசு என்றார்.

கேட்டால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததுதான். “எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்.” மனசு சரியில்லை என்று இந்தக் கரையில் எந்த ஆயாவும் முதல் நாளில் என்னிடம் சொன்னதில்லை. கால் குடையுது, பசியே எடுக்கல, நெஞ்சு படபடங்குது, ராத்திரியில கண்ணு மூடமாட்டேங்குது என்பார்கள். வலி மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். 2017-18ல் நாடு முழுவதும் நடந்த ‘லாசி’ முதியோர் ஆய்வின் கணக்கைப் பின்னாளில் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. 60 வயது கடந்தவர்களை முறையாகக் கேள்வி கேட்டுப் பார்த்ததில் 100க்கு ஏறத்தாழ 8 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. தனக்கு அந்த நோய் இருப்பதாக ஏற்கெனவே ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றவர்களோ 100க்கு ஒருவர்கூட இல்லை. மீதிப் பேர் கால் குடைச்சலோடு வீட்டில் இருக்கிறார்கள்.

இருபது வருடத்தில் இந்தப் பக்கத்து வீடுகள் மாறிவிட்டன. சுனாமிக்குப் பிறகு கடலைவிட்டுத் தள்ளி வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. காற்றுக்கும் மழைக்கும் பத்திரமான வீடுகள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பலவற்றில் திண்ணை கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பெருகியது, பிள்ளைகள் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வேலைக்குப் போனார்கள், சிலர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும். பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று வாசலில் கிரில் கேட் போட்டார்கள். தெருவில் போகிறவர்கள் தலையைத் திருப்பினால் தெரிந்த அடுப்பும் குடமும் கதவுக்குப் பின்னால் போய்விட்டன.

இந்த நிலையில்தான் கருவிகள் வந்தன. முதலில் கொண்டுவந்தவர்கள் வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள். பிறகு ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தங்கள் புராஜெக்டுக்காகத் தேடி வந்தார்கள். சம்மதித்த சில வீடுகளில் அவர்களோடு சேர்ந்து சென்சார் மாட்டினோம். சுவரின் மேல் மூலையில் ஆள் நடமாட்டத்தை அறியும் அகச்சிவப்பு சென்சார், கதவில் காந்தம் வைத்த சின்ன சுவிட்ச், டிவிக்கும் மின்விசிறிக்கும் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளக்கும் பிளக். எதிலும் கேமரா இல்லை, குரல் பதிவு இல்லை.

இந்த யோசனை பழையது. ஜப்பானில் ஜோஜிருஷி நிறுவனம் 2001லேயே வெந்நீர்க் கெட்டில் ஒன்றில் இதைச் செய்தது. அம்மா டீ போடக் கெட்டிலைத் தொட்டால், அந்தச் செய்தி ஒரு நாளைக்கு இரண்டு முறை பிள்ளைக்கு மின்னஞ்சலில் போய்ச் சேரும். அமெரிக்காவின் ஆரகன் சுகாதார, அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கேயும் அவருடைய குழுவினரும் வீட்டுச் சுவரில் வைத்த சென்சார்களால் முதியவர்களின் நடை வேகத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். தனிமை உணர்வு கூடியவர்கள் வீட்டை விட்டு வெளியே இருக்கும் நேரம் குறைவதைப் பார்த்தார்கள். நமக்கு நெருக்கமானது சிங்கப்பூர் முயற்சி. சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகமும் நம் டாடா கன்சல்டன்சியும் சேர்ந்து, அரசு அடுக்குமாடி வீடுகளில் தனியே வாழும் முதியோருக்கு ‘ஷைன்சீனியர்ஸ்’ என்ற திட்டத்தை நடத்தின. அறைதோறும் நடமாட்ட சென்சார், கதவில் சென்சார், மருந்துப் பெட்டியிலும் ஒன்று. நீண்ட நேரம் அசைவில்லை என்றால் அந்த வட்டாரத்துப் பராமரிப்பாளருக்குத் தகவல் போகும். தூக்கமும் வெளியே போய்வருவதும் தனிமையோடு எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்றும் ஆராய்ந்தார்கள். மனச்சோர்வை அளக்க நாங்கள் பயன்படுத்தும் 15 கேள்விப் படிவத்தில், வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கத் தோன்றுகிறதா என்று ஒரு கேள்வி உண்டு. அதை வாய்விட்டுக் கேட்காமல் தினமும் கதவிடம் கேட்கலாம் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை.

நம்மூரில் கதவு பதில் சொல்லாது. விடிந்தால் திறக்கும், படுக்கும்போதுதான் சாத்துவார்கள். கதவு திறந்திருக்கிறது என்று பகல் முழுக்க ஒரே செய்தி வரும். படுக்கைக்கு அடியில் வைக்கும் தூக்க சென்சாரும் உதவாது, படுப்பது பாயில், அதுவும் காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். உப்புக் காற்று எந்தச் செம்பையும் விடாது. மாட்டி ஒரு மழைக்காலம் தாண்டியதும் பேட்டரி முனையில் பச்சை பிடித்துக்கொள்ளும்.

ஒரு சித்திரை மதியம் கைபேசி அலறியது. ஒரு ஆயா வீட்டில் காலை பதினொன்றிலிருந்து அசைவே இல்லை என்று செய்தி. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆயா ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சுழலும் விசிறிக்கு நேரே உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். “என்னா நர்சம்மா, இந்த வெயில்ல ஓடியாற?” மாணவர்கள் மறுநாள் தெர்மாமீட்டர் கொண்டுவந்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அகச்சிவப்பு சென்சார் ஆளைப் பார்ப்பதில்லை, சுற்றுப்புறச் சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைத்தான் பார்க்கிறது. கத்திரி வெயிலில் அந்த அறையின் சூடு உடம்புச் சூட்டை எட்டியிருந்தது. சென்சாருக்கு ஆயா சுவரோடு சுவராகிவிட்டார். மாணவர்கள் அதன்பிறகு கோடை மதியங்களில் அந்தச் செய்தியை நம்பாமல், விசிறி பிளக்கையும் சேர்த்துப் பார்க்கும்படி மாற்றினார்கள். விசிறி எப்போது போட்டார், எப்போது அணைத்தார் என்பது வெயில் காலத்தில் நல்ல சாட்சி.

இதைவிடப் பெரிய விஷயத்தை எனக்குக் காட்டியவர் ஒரு உப்பளத் தொழிலாளி. மனைவி இறந்து சில வருடமாகத் தனியே இருந்தார். தூத்துக்குடி, வேதாரண்யம் போல மரக்காணமும் உப்பால் பிழைக்கிற ஊர். வடகிழக்குப் பருவமழை முடிந்து பாத்தி கட்டினால், அடுத்த மழை வரும்வரை அள வேலை உண்டு. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் நடு இரவு தாண்டியதும் எழுந்துவிடுவார்கள். இவரும் அப்படியே வாழ்ந்தவர். ஏழு மணிக்குப் படுத்து இரண்டரைக்கு எழுவார், டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்குவார். சென்னையில் இருந்த மகள் வாங்கி மாட்டிய கருவியோ எந்த ஊர் ஆட்களுக்காகவோ செய்தது. தினமும் ‘தூக்கக் கோளாறு’ என்று சிவப்பில் காட்டியது. மகள் பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள். அப்பாவின் வேலையை அவளுக்கே நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அடுத்த பங்குனியில் சிவப்பு நின்றது. இரவு எட்டு மணி நேரத் தூக்கம், காலை ஆறுக்கு எழுகிறார், எல்லாம் பச்சை. மகளுக்கு நிம்மதி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பங்குனி என்றால் அளத்தில் உச்ச வேலை நடக்கும் மாதம், அந்த மாதத்தில் உப்பளத்து ஆள் ஆறு மணிவரை படுத்திருக்க மாட்டார். போய்ப் பார்த்தேன். வாரு பலகை சுவரில் சாய்த்துக் கிடந்தது. பல வருட உப்பு வெளிச்சத்தில் கண் மங்கிவிட்டது, வரப்பு தெரியாமல் பாத்தியில் காலை வைத்துவிடுகிறார் என்று மேஸ்திரி வரவேண்டாம் என்றிருக்கிறார். “எங்க போறது? எழுந்திரிச்சு என்னா பண்றது?” என்றார். தூங்கவில்லை, கண்ணைத் திறந்தபடி படுத்துக் கிடந்திருக்கிறார். சென்சாருக்கு அசையாத ஆளும் தூங்குகிற ஆளும் ஒன்று.

15 கேள்விகளையும் கேட்டேன். 5க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், அவர் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு, கேட்பது அவருக்குச் சுமையை இறக்கி வைக்க ஒரு இடம் தருகிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளில் கூட்டிப் போனோம். மாத்திரை ஆரம்பித்து முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். அந்த வாரங்களில்தான் ஆள் அடிக்கடி போய்ப் பேச வேண்டும். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் புரை நீக்கினார்கள். உப்பு வாரப் போகவில்லை, ஓலை வேய்ந்த உப்பு அம்பாரங்களுக்குக் காவல் வேலை கிடைத்தது. மகளின் கைபேசியில் மறுபடி சிவப்பு வந்தது. இந்த முறை அவள் பதறவில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு மாணவர்களிடம் நான் பிடிவாதமாக நின்ற இடம் ஒன்று உண்டு. நல்ல தூக்கம் எது, கெட்ட தூக்கம் எது என்று கருவி தீர்ப்புச் சொல்லக் கூடாது. அவரவர் வழக்கம் எது, அது எப்போது மாறியது என்பதை மட்டும் சொல்லட்டும். அந்த வழக்கத்தையும் இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. உப்பு விளையும் மாதமும் மழை மாதமும் இங்கே ஒரே மனிதருக்கு இரண்டு வாழ்க்கை. வேலை இல்லாத அந்த மாதங்களில் அரசின் மழைக்கால உதவித்தொகை 5,000 ரூபாயை எதிர்பார்த்து எல்லா வீட்டிலும் நடமாட்டம் மாறும், சாப்பாட்டு நேரம் மாறும். ஒரு வருடம் முழுசாகப் பார்த்தால்தான் கணக்கு சரியாகும்.

மாற்றம் வந்தாலும் மனசுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச கலர் டிவியை இன்னமும் வைத்துக்கொண்டு சாயங்கால சீரியல் ஒன்றும் விடாத ஒரு ஆயா வீட்டில், டிவி பிளக் ஒரு வாரம் மௌனமாக இருந்தது. பிடித்த விஷயத்தில் பிடிப்பு போவது மனச்சோர்வின் முக்கியமான அடையாளம் என்று படித்தவள்தானே நான். போனேன். கேபிள் பணம் கட்டவில்லை. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயில் பாதியைப் பேத்தியின் நோட்டுப் புத்தகத்துக்குக் கொடுத்திருக்கிறார், சீரியலை எதிர் வீட்டில் போய்ப் பார்க்கிறார். முன்பைவிடச் சிரிப்பு கூடியிருந்தது. இன்னொரு பெரியவர் இரவெல்லாம் எழுந்து நடந்தார், அது சிறுநீர்ப் பிரச்சினை. போய்ப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

கேமராவை நான் எதிர்க்கிறேன், எதிர்த்துக்கொண்டே இருப்பேன். வெளிநாட்டில் இருந்த ஒரு பிள்ளை, அம்மாவைக் கேட்காமலேயே கூடத்தில் கேமரா மாட்டிவிட்டுப் போனான். பாசத்தில் செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அம்மா மெல்ல மெல்ல வீட்டின் பின்பக்கம் குடி போனார். சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் பின் தாழ்வாரத்தில். புடவை மாற்ற, தலை சீவ, அழ வேண்டுமானால் அழ, கூடத்தில் முடியவில்லை. “சாமிக்கே ராத்திரியில நடை சாத்துறாங்க. என்னைய மட்டும் ராவும் பகலும் தொறந்து வச்சிருக்கான்” என்றார். மகனோ அம்மா கேமராவில் வருவதே இல்லை, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தான். 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் அந்தரங்கத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைப் பேசுகிறது. கையெழுத்து வாங்கிவிட்டால் சம்மதம் ஆகாது. மாட்டுவதற்கு முன் நான் அந்தப் பெரியவரைக் கருவிக்கு எதிரில் நடக்கச் சொல்லி, அது என்ன எழுதுகிறது என்பதைக் கைபேசியில் அவருக்கே காட்டுவேன். பிடிக்காத நாளில் எந்த சுவிட்சை அணைக்க வேண்டும் என்றும் காட்டுவேன். சிலர் விருந்தாளி வரும்போது அணைப்பார்கள், சிலர் திதி நாளில். அணைக்கத் தெரிந்தவர்கள்தான் அதை நெடுநாள் வைத்துக்கொண்டார்கள்.

புயல் இரவுகளில் இதெல்லாம் ஒன்றுமில்லாமல் போகும். 2020 நவம்பர் 25 இரவு நிவர் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கரையில் ஏறியபோதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், கரண்ட் போனது, டவர் போனது, எல்லா வீட்டிலும் ‘அசைவு இல்லை’. ஆள் முகாமுக்குப் போய்விட்டாரா, வீட்டுக்குள் இருக்கிறாரா என்று கருவிக்குத் தெரியாது. அப்போது கைகொடுத்தது ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்கள் எழுதி வைத்திருந்த பக்கத்து வீட்டு எண்களின் காகிதம்.

ஆனால் புயல் போன பிறகு அதே கருவி எனக்குப் பெரிய உதவி செய்தது. சுனாமியில் ஆளை இழந்தவர்கள் காற்று ஊளையிட்டால் படுக்க மாட்டார்கள், மார்கழிவரை பலருக்கும் தூக்கம் கெடும், அது இயல்பு. பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதவர்கள் யார் என்பதை முன்பு வீடு வீடாக அலைந்து பொங்கலுக்குப் பிறகுதான் கண்டுபிடிப்போம். இப்போது அந்தச் சில வீடுகளில் மட்டுமாவது முன்னரே தெரிகிறது, முதலில் அங்கே போகிறேன்.

போவதற்கு ஆள் வேண்டும் என்பதுதான் என் ஓயாத வாதம். 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தத் தெருவின் எல்லாக் கதையும் அவர்களுக்குத் தெரியும். அடுப்பைப் பார்க்கும் கண்ணும் இரண்டு கேள்வி கேட்கும் பழக்கமும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அந்த நேரத்துக்கும் சேர்த்து ஊக்கத்தொகை கொடுத்தால், ஒரு வட்டாரத்தில் எத்தனை வீட்டில் சென்சார் மாட்டினாலும் தாங்கும். 2022 அக்டோபரில் வந்த டெலி-மானஸ் எண் 14416ல் தமிழில் பேசலாம், முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது. இரண்டையும் சுவரில் எழுதி வைக்கிறோம். ஆனால் மனம் சோர்ந்து படுத்திருப்பவர் தானாகப் போனை எடுத்து அழைக்க மாட்டார், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணை அழுத்திக் கொடுக்க வேண்டும்.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். அம்மா அனுமந்தை பக்கம் தனியாக இருக்கிறார், நல்ல சென்சார் எது, என்ன விலையானாலும் பரவாயில்லை என்றார். அலாரம் அடித்தால் பத்து நிமிடத்தில் அம்மா வீட்டுக்குள் நுழையக்கூடிய ஒருவர் பெயரைச் சொல்லுங்க தம்பி என்றேன். சித்தப்பா திண்டிவனத்தில் இருக்கிறார், நண்பன் புதுச்சேரியில் இருக்கிறான் என்றார். நடந்து வருகிற தூரத்தில் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அவரே அழைத்தார். எதிர்ப்பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவிடம் பேசியிருக்கிறார், அந்த அக்கா அம்மாவிடமும் கேட்டுவிட்டார், அம்மாவுக்குச் சம்மதம், ஆனால் சமையலறையில் மட்டும் போதும் என்கிறார் என்றார். சமையலறையில் ஒன்று மாட்டினோம். செய்தி முதலில் இட்லிக் கடை அக்காவுக்குப் போகும், அவர் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சிங்கப்பூருக்கு.